அணைத்து வைத்த மைக்

தியானப் பகுதி: 1 நாளாகமம் 25:1-8



இந்த இதழில் உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். பாடகர் குழுவில் ஒருவர் சுருதி சேராமல் பாடுகிறார். அது அவருக்கே தெரியவில்லை. குழுவை நடத்துகிறவர், மிக்ஸரில் அவருடைய மைக்கை மட்டும் அவருக்குத் தெரியாமல் இறக்கி வைத்துவிடுகிறார். பாட்டு நன்றாய் வருகிறது. பாடுகிறவருடைய மனதும் புண்படவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை. இது பாவமா, இல்லையா?

“இதெல்லாம் ஒரு கேள்வியா பிரதர்? சபையில எவ்வளவோ பெரிய காரியம் இருக்கே!” என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஏனென்றால் அப்படிச் செய்தவனே நான்தான். வெகுநாளாய் வெளியே சொல்லாமல் வைத்திருந்த காரியம் இது. இன்றைக்குப் பாடகர் குழுக்களை நடத்துகிற வாலிபப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

1996-ஆம் வருஷம். நாங்கள் ஆராதித்து வந்த சபையில் பாடகர் குழுவை நான் நடத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 12 பேர். அவர்களில் ஒரு வயதான தாயாரும் இருந்தார்கள். விதவை. சபை ஓலைக் கொட்டகையில் கூடின நாட்களிலிருந்தே பாடுகிறவர்கள். அப்போது கீபோர்டு ஏது, டிரம்ஸ் ஏது? ஒரு கஞ்சிரா, இரண்டு ஜோடி ஜால்ரா, அந்த அம்மாவின் தொண்டை. இவ்வளவுதான் எங்கள் வாத்தியக் குழு. கரண்ட் போனாலும் ஆராதனை நிற்காது. நான் ஞாயிறு பள்ளிப் பையனாயிருந்தபோது எனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

அந்த வருஷம் ஜனவரியில் சபையார் எல்லாரும் காணிக்கை சேர்த்துப் புதிய சவுண்ட் சிஸ்டம் வாங்கினோம். அதுவரை ஒரே மைக்கைச் சுற்றி நின்று எல்லாரும் பாடுவோம். இப்போது 8 சேனல் மிக்ஸர் வந்துவிட்டது. முன்வரிசையில் நிற்கிற ஆறு பேருக்கு ஆளுக்கொரு மைக். அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தோம். எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் தெரியுமா?

ஆனால் ஒரே மைக்கில் தெரியாத குறை, தனி மைக்கில் தெரிய ஆரம்பித்தது. பாட்டு மேலே போகும்போதெல்லாம் அம்மாவின் குரல் சுருதியை விட்டுக் கீழே இறங்கியது. வாலிபப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி என்னைப் பார்ப்பான். சொல்ல வேண்டியவன் நான். எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் பிராக்டிஸ் முடிந்தபின், மிக்ஸரில் உட்காருகிற சகோதரனிடம் போய், “மூணாவது மைக்கை இறக்கி வச்சிருங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்” என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார்.

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டு மாதம் அந்த மைக் அப்படியே இருந்தது. அம்மா அதற்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்திப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

செப்டம்பரில் கன்வென்ஷன் நடந்தது. மூன்று இரவுப் பாடல்களையும் கேசட்டில் பதிவு செய்து 25 ரூபாய்க்குக் கொடுத்தோம். அம்மாவும் ஒன்று வாங்கிப் போனார்கள். மறுவாரம் ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“தம்பி, என் மைக் வேலை செய்யலையா? வீட்ல கேசட் போட்டுக் கேட்டோம். ‘எல்லார் சத்தமும் கேக்குது பாட்டி, உங்க சத்தம் மட்டும் கேக்கலையே’ன்னு பேத்தி சொல்றா.”

“வயர் லூஸா இருந்திருக்கும்மா” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் அவ்வளவு ஆயத்தமாய் என் நாவில் இருந்தது!

அடுத்த ஞாயிறு அம்மா ஒரு கவரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். உள்ளே 150 ரூபாய். “நல்ல வயரா வாங்கிப் போட்டுருங்க தம்பி. சபைக் காசுல எடுக்க வேணாம். முட்டை வித்த காசு இருந்துச்சு.”

பழுதாகாத வயருக்கு ஒரு விதவையின் காசு! அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாங்க மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்குமே! அன்றிரவு ஜெபிக்க முழங்கால் போட்டேன். முதல் வார்த்தையே வரவில்லை. ஆணியில் தொங்கின சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சாக்குகள்

அந்த எட்டு மாதமும் என் மனச்சாட்சி சும்மா இருந்தது என்று நினைக்காதிருங்கள். அது பேசும்போதெல்லாம் நான் மூன்று சாக்குகளைச் சொல்லி அதன் வாயை அடைத்துவந்தேன். இன்றைக்கும் நடத்துகிற ஸ்தானத்தில் இருக்கிறவர்கள் சொல்லுகிற சாக்குகள் இவைகள்தான். ஆகையால் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதல் சாக்கு: “பாட்டு கர்த்தருக்கு. அவருக்குச் சிறந்ததைத்தானே கொடுக்கணும்?”

இதில் உண்மை இல்லாமலில்லை. லேவியருக்குள் கெனானியா பாட்டை நடத்தினதற்கு வேதம் சொல்லுகிற காரணம், அவனுக்கு அந்த வித்தையில் இருந்த தேர்ச்சிதான் (1 நாளா. 15:22). தாவீதின் நாட்களில் பாட்டில் கற்றுத் தேறினவர்கள் 288 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராய் 24 வகுப்புகள். ஆகையால், “மனசு நல்லா இருந்தா போதும், சுருதியும் தாளமும் எதுக்கு?” என்கிற பேச்சுக்கு வேதத்தில் இடமில்லை. தேவனுடைய காரியத்தில் அசட்டை கூடாது.

ஆனால் அதே அதிகாரத்தில் அடுத்த வசனத்தை வாசித்துப் பாருங்கள் (25:8). முறைகளைத் தீர்மானிக்கச் சீட்டுப் போட்டார்கள். சிறியவன், பெரியவன், கற்றுக்கொடுக்கிறவன், கற்றுக்கொள்ளுகிறவன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. திறமையைத் தேடின அதே இடத்தில், எல்லார் கண் முன்னும் விழுகிற சீட்டும் இருந்தது. நானோ ஒருவரையும் கேளாமல், ஒருவருக்கும் தெரியாமல், மிக்ஸரின் பின்னாலிருந்து சீட்டுப் போட்டேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியின் நாட்களில் கர்த்தர் ஜனங்களுடைய பாட்டின் இரைச்சலைத் தம்மைவிட்டு அகற்றச் சொன்னார் (ஆமோஸ் 5:23). எதற்காக? வாத்தியங்கள் சுருதி சேரவில்லை என்றா? நியாயம் அவர்களுக்குள் ஓடவில்லை என்பதற்காக! நான் அம்மாவின் மைக்கை இறக்கி வைத்துவிட்டு, மற்றப் பதினொருவரின் இனிமையைக் கர்த்தருக்குக் கொடுத்ததாய் நினைத்தேன். பரலோகத்தில் யாருடைய மைக் திறந்திருந்ததோ, யாருடையது அணைந்திருந்ததோ!

இரண்டாம் சாக்கு: “அவங்களுக்குத்தான் தெரியாதே. மனசு நோகலையே.”

செவிடனை நிந்திக்கக் கூடாது, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்கக் கூடாது என்று நியாயப்பிரமாணத்தில் ஒரு கட்டளை உண்டு (லேவி. 19:14). செவிடனுக்கு நிந்தை காதில் விழாதே, அவன் மனம் எப்படி நோகும்? ஆனாலும் கூடாது என்கிறார். கட்டளையின் முடிவில் தேவனுக்குப் பயப்பட வேண்டும் என்றும் சேர்க்கிறார். ஏனென்றால் அந்தச் செவிடன் கேளாததை அவர் கேட்கிறார். அந்தக் குருடன் காணாததை அவர் காண்கிறார். ஒரு மனுஷன் அழுதால்தான் அவனுக்கு அநியாயம் நடந்தது என்று அர்த்தமல்ல.

ஒரு காரியத்தை இங்கே மறைக்காமல் சொல்லுகிறேன். நான் அதற்கு “அன்பு” என்று பேர் வைத்திருந்தேன். வயதானவர்களை வருத்தப்படுத்த வேண்டாமே என்கிற அன்பாம்! உண்மை என்னவென்றால், அம்மாவுக்கு வரப்போகிற வருத்தத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அந்த வருத்தத்தை எதிரே நின்று பார்க்க வேண்டிய ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். என்னுடைய ஐந்து நிமிஷத்துக்காக அவர்களுடைய எட்டு மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் சாக்கு: “நான் லீடர். முடிவெடுக்கிற அதிகாரம் எனக்குத்தான்.”

ஆம், அதிகாரம் உண்டு. பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பக்கம் இழுத்தால் பாட்டு ஏது? ஆனால் எப்படிப்பட்ட அதிகாரம்? எருசலேமின் அலங்கப் பிரதிஷ்டையில் பாடகரை நடத்தின யெஷரகியாவை நம்முடைய தமிழ் வேதாகமம் விசாரிப்புக்காரன் என்று அழைக்கிறது (நெகே. 12:42). விசாரிக்கிறவன்! எட்டு மாதத்தில் ஒரு தரமாவது நான் விசாரித்தேனா? “ஏம்மா, மேலே போகும்போது கஷ்டமா இருக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி! கேட்கவில்லையே!

நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதலின் சரித்திரத்தில் 1906-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசூசா தெருக் கூட்டங்களை நாம் மறப்பதில்லை. அதை நடத்தினவர் வில்லியம் சீமோர் என்கிற கறுப்பினப் போதகர், முன்னாள் அடிமைகளின் மகன். ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்த இரண்டு மரப்பெட்டிகள்தான் அவருடைய பிரசங்க பீடம். கூட்டம் நடக்கும்போது மேல் பெட்டிக்குள் தலையை வைத்து அவர் ஜெபித்துக்கொண்டிருப்பாராம். உலகமெங்கும் பரவப்போகிற எழுப்புதலை நடத்துகிறவர், தன் முகத்தைப் பெட்டிக்குள் மறைத்துக்கொண்டார். நான் என் முகத்தைக் காட்டிக்கொண்டு, வேறொருவருடைய குரலை மறைத்தேன். இரண்டுக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

அப்படியானால் எல்லார் முன்னும் திட்டிவிடலாமா?

“நான் உங்களை மாதிரி இல்ல பிரதர். மனசுல பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிருவேன்” என்று சொல்லுகிற நடத்துனர்களும் உண்டு. பிராக்டிஸில் பாட்டை நிறுத்தி, பேரைச் சொல்லி, பத்துப் பேர் முன் கூனிக் குறுக வைத்துவிட்டு, “நான் வெளிப்படையானவன்” என்பார்கள். அது உத்தமமா?

உலகம் போற்றுகிற சபைச் சங்கீத வித்வான் யோகான் செபஸ்தியான் பாக். தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துக்களைத் தம்முடைய பல பாடல்களின் முடிவில் எழுதி வைத்தவர். ஆனால் 1705-ஆம் வருஷம், இருபது வயதில், ஜெர்மனியின் அர்ன்ஸ்டாட் ஊர்ச் சபையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைக் கேளுங்கள். வாத்தியம் வாசித்த ஒரு மாணவனை இழிவான பட்டப்பெயர் சொல்லித் திட்டியிருந்தார். அந்த மாணவன் ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு தடியோடு வந்து வழிமறித்தான். பாக் வாளை உருவிவிட்டார்! கூட இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். விசாரித்த சபை அதிகாரிகள், குறையுள்ளவர்களோடுதான் மனுஷன் வாழ வேண்டியிருக்கிறது என்ற அர்த்தத்தில் அவருக்குப் புத்தி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மகிமை தேவனுக்கே என்று எழுதின கைதான் வாளையும் பிடித்தது. ஒரே வாயிலிருந்து துதியும் நிந்தையும் புறப்படலாகாது என்று யாக்கோபு நமக்கு எழுதினதும் (யாக். 3:9,10) இதற்காகத்தானே?

அதே பாக் 25 வருஷம் கழித்து என்ன செய்தார் என்றும் பாருங்கள். 1730-ல் லைப்சிக் பட்டணத்தில், சபைகளில் பாடுகிற பையன்கள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். பாட்டின் தரம் குறைந்துவிட்டது. அவர் நகர சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பையன்களை மூன்று பட்டியலாய்ப் பிரித்துக் காட்டினார். தகுதியுள்ளவர்கள் 17, இன்னும் தகுதி பெறாதவர்கள் 20, தகுதியில்லாதவர்கள் 17. கடினமான உண்மைதான். ஆனால் தெருச் சண்டையாய்ச் சொல்லவில்லை, ரகசியமாய்ச் செய்து முடிக்கவுமில்லை. சொல்ல வேண்டியவர்களிடம், எழுத்தில், காரணத்தைக் காட்டி, தன் பேரைப் போட்டுச் சொன்னார்.

அந்த நடுப் பட்டியலை மட்டும் மறந்துவிடாதிருங்கள். நம்மில் அநேகரிடம் இரண்டே பட்டியல்தான் உண்டு. “பாடுவான்”, “பாட மாட்டான்.” அவரிடமோ “இன்னும் இல்லை” என்று ஒரு பட்டியல் இருந்தது, எல்லாவற்றிலும் பெரிய பட்டியல் அதுதான். அந்தப் பட்டியல் இல்லாதவன் கையில் பாடகர் குழு அகப்படக் கூடாது.

சகோதரனிடத்தில் குற்றமிருந்தால் தனித்துப் போய்ச் சொல்லும்படி ஆண்டவர் வழி காட்டினார் (மத். 18:15). பாவத்துக்கே அந்த மரியாதை என்றால், சுருதி தப்பினதற்கு எவ்வளவு அதிகம்!

அம்மாவின் வீட்டில்

மறுநாள் சாயங்காலம் அந்த 150 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வாசலில் கோழிகளுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றுவிட்டது.

“எட்டு மாசமாவா?”

“ஆமாம்மா.”

“சரியா பாடலைன்னா சொல்லியிருக்கலாமே தம்பி. நானே இறங்கி உட்கார்ந்திருப்பேன். கர்த்தருக்கு மைக் வேணாம், அவர் கேட்டிருப்பார். ஆனா நீங்க என்னை ஒரு பொம்மை மாதிரி நிக்க வச்சிட்டீங்களே.”

மன்னிப்புக் கேட்டேன். “மன்னிச்சேன்” என்றார்கள். “ஜெபம் பண்ணலாமாம்மா?” என்று கேட்டேன். “இன்னைக்கு வேணாம். அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில போட்டுருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த ஞாயிறு முதல் அவர்கள் பாடகர் குழுவில் நிற்கவில்லை. மூன்றாம் வாரம் மறுபடியும் பார்க்கப் போனேன். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கன்வென்ஷனில் நாங்கள் பாடின அதே பாட்டு. வாத்தியம் இல்லை, மைக் இல்லை. தன் போக்கில் ஆரம்பித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டேன். மேல் வரி வந்தது. சுருதி இம்மியும் அசையவில்லை!

கீபோர்டு தம்பியிடம் போய்ப் பேசினேன். அம்மா பாடின சுருதியை வாசித்துப் பார்த்தோம். டி ஸ்கேல். நாங்கள் சபையில் அதே பாட்டைப் பாடினது எஃப் ஸ்கேல். மூன்று படி மேலே! ஏன் எஃப்? எனக்கும் முன்னால் நிற்கிற இரண்டு வாலிபருக்கும் அது எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வயதாகும்போது பெண்களின் குரல் கீழே இறங்கும், மேல் ஸ்வரங்கள் எட்டாமல் போகும். இது இயற்கை. சங்கீதம் தெரிந்தவன் என்று பேரெடுத்த எனக்கு அது தோன்றவேயில்லை.

அடுத்த ஞாயிறு, பாட்டை நடத்தும்போது கண்ணை மூடாமல் முதல்முறையாகச் சபையைப் பார்த்தேன். மேல் வரி வந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த தாய்மாரில் பாதிப் பேருடைய வாய் மூடியிருந்தது. கை மட்டும் தட்டினார்கள். எத்தனை மாதமாய் இப்படி? ஒரு மைக்கைத்தான் அணைத்ததாக நினைத்தேன். பாதிச் சபையை அணைத்து வைத்திருந்தேன்!

ஸ்கேலை இறக்கினோம். இரண்டு மூன்று வாரத்தில் பின்னாலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. மேடையில் எங்கள் பாட்டு முன்போல எடுப்பாக இல்லைதான். ஆனால் சபை பாடியது.

அம்மா குழுவுக்குத் திரும்பி வரவில்லை. கூப்பிட்டேன். “போதும் பிரதர், கீழே இருந்தே பாடுறேன்” என்றார்கள். அதுவரை “தம்பி” என்று கூப்பிட்டவர்கள், அதன்பின் “பிரதர்” என்றே கூப்பிட்டார்கள். மன்னிப்பு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. நம்பிக்கை அப்படித் திரும்பி வராது என்பதை அந்த ஒரு வார்த்தையில் ஞாயிறுதோறும் கேட்டேன்.

நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

பாட்டை நடத்துகிற பிள்ளைகளே, தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, அனுபவத்திலிருந்து சொல்லுகிறேன்.

பிராக்டிஸ் தொடங்குமுன் ஐந்து நிமிஷம் தனியே அமைதியாயிருங்கள். வேலை செய்கிற இடத்தின் கோபத்தையோ, வீட்டுச் சண்டையையோ கூடக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சுருதி தப்பினதுக்காக வருகிற கோபம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வேறெங்கிருந்தோ வருகிறது.

பேசுமுன் கேளுங்கள். மாதத்தில் ஒருநாள் மேடையை விட்டு இறங்கிக் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். யார் பாடுகிறார்கள், யார் பாட முடியாமல் நிற்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும். ஸ்கேலை உங்கள் தொண்டைக்கு அல்ல, சபையின் தொண்டைக்கு வையுங்கள். 1761-ல் ஜான் வெஸ்லி பாடுகிறவர்களுக்கு ஏழு ஆலோசனைகள் எழுதினார். எல்லாரும் பாட வேண்டும், சிறு பலவீனத்தைச் சாக்காக வைத்து விலக வேண்டாம், மற்றவர்களுக்கு மேலாகத் தன் குரல் கேட்கும்படி கத்த வேண்டாம் என்பவைகளும் அவற்றில் உண்டு.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களுக்குக் குரல் உடைகிற காலம் வரும். அவர்களைக் கேலி செய்யாதிருங்கள். கேலிக்குப் பயந்து அப்போது வாயை மூடினவன் பிறகு திறக்காமலே போகலாம். மெதுவாய், தாழ்ந்த ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். தொண்டை கட்டினவர்களை வற்புறுத்திப் பாட வைக்காதிருங்கள். குரல் நாண்கள் மாம்சமும் சவ்வுமானவைகள், இரும்பல்ல.

தனிப்பாட்டு யாருக்கு என்று தீர்மானிக்கும்போது, பணம், குடும்பம், ஜாதி, அழகு, போதகருக்கு நெருக்கம், இவைகளில் ஏதாவது உங்கள் தராசில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அந்தப் பாட்டு நிற்கட்டும்.

சொல்ல வேண்டியதைச் சீக்கிரம் சொல்லுங்கள், தனியே சொல்லுங்கள், ஒரு வழியோடு சொல்லுங்கள். “முடியலம்மா” என்று மட்டும் சொல்லாமல், “இந்த வரியை நீங்க கீழே பாடுறீங்களா? ஸ்கேலை மாத்திப் பாக்கலாமா?” என்று கேளுங்கள். அதற்கும் ஆகாதபோது மரியாதையோடு இறக்கிவிடுங்கள். லேவியர் 25 வயது முதல் 50 வயது வரை வேலை செய்தார்கள். அதன்பின் பாரமான வேலையை விட்டார்கள், ஆனால் சகோதரரோடுகூட நின்று காவல் காத்தார்கள் (எண். 8:24-26). இறங்குவது அவமானமாயிராதபடி தேவன் அவர்களுக்கு ஒரு இடம் வைத்திருந்தார். அந்த இடம் ஒருநாள் உங்களுக்கும் எனக்கும் தேவைப்படும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

“நான் கொயர் நடத்தலையே, எனக்கு என்ன?” என்று நினைக்காதிருங்கள் சபையாரே. அன்றைக்குச் சிரிப்பை அடக்கினவர்களும், சொன்னதைச் செய்த மிக்ஸர் சகோதரனும், கேசட்டில் ஒரு குரல் இல்லாததைக் கவனியாதவர்களும் சபையார்தான். நம் வீட்டிலும் ஒரு மிக்ஸர் இருக்கிறது. வயதான தகப்பன் பேசும்போது “ஆமாப்பா” என்று தலையாட்டிவிட்டு, முடிவை வேறு அறையில் எடுக்கிறோமே, அது என்ன? கமிட்டியில் எல்லாம் தீர்மானித்துவிட்டு, பெண்களின் கருத்தைப் பேருக்குக் கேட்கிறோமே, அது என்ன? மைக் அவர்கள் கையில் இருக்கிறது. சத்தம் மட்டும் வராது.

ஆகையால் முதலில் வைத்த கேள்விக்கு என் பதில் இது: ஆம், அது பாவம். பாட்டுக்கு எதிரான பாவமல்ல, உண்மைக்கு எதிரான பாவம். தேவனுடைய சாயலாய் நிற்கிற ஒரு ஆத்துமாவை, நிற்க வைத்தே இல்லாமல் ஆக்குகிற பாவம்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அம்மா சனிக்கிழமைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓலைக் கொட்டகைக் காலத்துப் பாட்டுகளை எல்லாச் சரணங்களோடும் சொல்லிக் கொடுத்தார்கள். 1998 கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் அந்தப் பிள்ளைகள் முன்னால் வந்து பாடினார்கள். முடிந்து வெளியே வரும்போது அம்மா என் பக்கத்தில் வந்து, மெதுவாய்ச் சொன்னார்கள்: “இன்னைக்கு ஸ்கேல் கொஞ்சம் தூக்கல் தம்பி.”

தம்பி! இரண்டு வருஷத்துக்குப் பின் கேட்டேன்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் மறைவில் அணைத்து வைத்த குரல்களை நீர் அறிவீர். அவைகளை எங்களுக்கு நினைப்பூட்டும். போய்ச் சொல்லத் தைரியத்தையும், சொல்லும்போது அன்பையும், சொல்லுமுன் கேட்கிற காதையும் எங்களுக்குத் தாரும். எங்கள் பாடகர் குழுக்களை நடத்துகிற பிள்ளைகளை உமது சமுகத்தில் தாழ்மையாய்க் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்